கேட்போர் கடன்

பாடுவோன் கடன் யாது என்று வினவினால், இசை கற்றோர் பலபடக் கூறுவர். சுருதி விலகாமை, தாளம் பிறழாமை, சொல்லைச் சிதையாமை, காலமும் இடமும் அறிந்து பாடுதல் என்று அவர் அடுக்கிச் செல்வர். கேட்போன் கடன் யாது என்று வினவினாலோ, விடை கூறுவார் அரியர். ‘காசு கொடுத்தோ கொடாமலோ வந்து அமர்ந்தான், பிடித்தால் கை தட்டுவான், பிடியாவிட்டால் எழுந்து போவான், அவனுக்கும் ஒரு கடன் உண்டோ?’ என்று நகைப்பாரும் உளர்.

உண்டு என்பதே நம் முன்னோர் கொள்கை. திருவள்ளுவர் அவையறிதல், அவையஞ்சாமை என்னும் 72, 73-ஆம் அதிகாரங்களால் அவையிற் சொல்வானுக்கு நெறி வகுத்தார். ஆயினும் அவற்றிற்கு முப்பது அதிகாரம் முன்னரே, 42-ஆவதாகக் கேள்வி என்னும் அதிகாரத்தை வைத்தார். கேட்கக் கற்ற பின்னரே ஒருவன் சொல்லப் புகவேண்டும் என்பது அவ்வைப்பு முறையாற் பெறப்படும் போலும். கேட்டல் என்பது செவி திறந்திருத்தல் மாத்திரமன்று. அஃது ஒருவன் பயின்று பெறவேண்டிய ஒழுக்கம். அவ்வொழுக்கம் நம் வட்டாரத்துக் கலைக் களங்களில் எவ்வாறு நிலைபெற்றது, ஒரு கலைஞரிடத்து வைத்த அன்பு மற்றொருவர்மேல் எறியும் வசையாக எங்ஙனம் திரிகின்றது, அதற்கு மருந்து யாது என்னும் மூன்றனையும் இக்கட்டுரை ஆராயப் புகுகின்றது.

1. கூத்துக் களரி

திண்டிவனம் என்னும் பெயர், புளியங்காடு எனப் பொருள்படும் திந்திரிணி வனம் என்பதன் திரிபு என்பர். அங்கிருந்து தென்மேற்கே இருப்புப் பாதை வழிச் சென்றால், பல திசைப் பாதைகளும் கூடும் விழுப்புரத்தை அடையலாம். இவ்விரண்டு ஊர்களையும் மேற்கே செஞ்சியையும் தன்னகத்தே கொண்ட நிலப்பகுதி, முன்னர்த் தென்னார்க்காட்டு மாவட்டத்தின் பகுதியாய் இருந்து, 1993-ஆம் ஆண்டில் விழுப்புரம் மாவட்டமாகப் பிரிந்தது. திரௌபதியம்மன் வழிபாடும், அதனைச் சார்ந்த பாரதக் கூத்தும் வேரூன்றிய நாடு இது. திருவிழா நாட்களிற் பகலில் வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பிரசங்கியார் விரித்துரைப்பார். இரவு முழுதும் அக்கதையே கூத்தாக நிகழும். முடிவில் மண்ணாற் படுக்கவைத்த துரியோதனன் உருவம் கிடக்கும் படுகளமும், மாலையில் தீமிதியும் நடைபெறும்.

அக்கூத்தைக் கேட்கும் அவையை நாம் ஊன்றி நோக்கவேண்டும். களரியைச் சூழ மக்கள் தரையில் அமர்ந்திருப்பர். தாய்மார் மடியிற் குழந்தைகள் உறங்கும். முதியோர் வெற்றிலைப் பையை அவிழ்த்து வைத்துக்கொண்டு விடியுமளவும் இருப்பர். முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம், தாளம் ஆகியவற்றோடு, நடிப்போன் பாடும் அடியை வாங்கித் திருப்பிப் பாடும் பின்பாட்டுக்காரரும் பின்னே நிற்பர். நடிப்போன் திரைக்குப் பின்னின்று பாடி, பின்னர் வெளிப்படுவான். கட்டியக்காரன் அவனை அவைக்கும், அவையை அவனுக்கும் அறிமுகம் செய்துவைப்பான்.

இவ்வவை ஊமையவை அன்று. நன்றாயின் ‘பலே’ என்னும்; அன்பளிப்பு வழங்கித் தன் பெயரைக் கட்டியக்காரன் வாயாற் கேட்டு மகிழும்; தவறாயின் முணுமுணுக்கும்; சில வேளை உரக்கவே குறை கூறும். ஆயினும் அக்குறை கூறலுக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லை எதனால் அமைந்தது என்பதை யான் நேரிற் கண்ட ஒரு நிகழ்ச்சியால் விளக்குவேன்.

சில ஆண்டுகளுக்கு முன், திண்டிவனத்தை அடுத்த ஒரு சிற்றூரில் அபிமன்னன் சண்டை நடந்தது. அபிமன்னன் வேடம் பூண்ட பையனுக்குப் பதினாறு வயதிருக்கும். ஆண் பிள்ளைகளுக்குப் பருவம் மாறுங்காற் குரல் உடைந்து தடுமாறுவதை நாடகத்தார் மகரக்கட்டு என்பர். பையனுக்கு அன்றிரவு அது நேர்ந்தது. சக்கர வியூகத்துக்குள் நுழையும் இடத்தில் எடுத்த பாட்டு நடுவே அறுந்துபோயிற்று. கூட்டத்தின் ஓரத்திலிருந்து வேற்றூர் இளைஞன் ஒருவன், “எங்கள் ஊருக்கு வரும் அபிமன்னனைப் பார்க்கவேண்டும், இவனெல்லாம் ஓர் அபிமன்னனா?” என்று கூவினான். பையன் முகம் அரிதாரத்தையும் மீறி வாடியது.

கட்டியக்காரன் ஓர் அடி முன்வந்தான். “தம்பி, எந்த ஊர் அபிமன்னன் ஆனாலும் வியூகத்துக்குள்ளே நுழையத்தான் தெரிந்தவன், வெளியே வர ஒருவனுக்கும் தெரியாது! நம்முடைய பிள்ளை பாட்டுக்குள்ளே நுழைந்துவிட்டான். வெளியே கொண்டுவருவது நம்முடைய வேலை அல்லவா?” என்றான். அவை முழுதும் நகைத்தது. கூவிய இளைஞனும் நகைத்தான். அதற்குள் பின்பாட்டுக்காரர் இருவர், அறுந்த அடியை ஒரு படி கீழிறக்கி எடுத்துப் பாடத் தொடங்கினர். பையன் அவர் குரலைப் பற்றிக்கொண்டு மெல்ல ஏறினான். பாட்டு முடிந்தபோது முதலிற் கை தட்டியவருள் அவ்விளைஞனும் ஒருவன். விடிந்தபின், கூத்து வாத்தியார் பையனைத் தனியே அழைத்து, ‘குரல் தேறுமட்டும் கீழ்ச் சுருதியிற் பாடு’ என்று கண்டித்தார் என்பதையும் யான் மறைக்கவில்லை. குற்றம் குற்றமே. ஆனால் அதனைச் சொல்லும் இடமும், சொல்வோரும், சொல்லும் முறையும் அங்கே தெளிவாய் வகுக்கப்பட்டிருந்தன.

2. நகையின் வேர்

நகை பிறத்தற்கு நிலைக்களன் நான்கு எனத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்தார். அவை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன. இவற்றுள் எள்ளல் ஒன்றே பிறரை இகழ்தலாற் பிறப்பது. ஏனைய மூன்றும் மழலையையும் அறியாமையையும் கண்டு பிறப்பன. அவற்றிற் கருணை கலந்து நிற்றலும் கூடும்.

கட்டியக்காரன் அரசனையும் விடான், அவையையும் விடான். எனினும் முதலில் தன்னையே பேதையாக்கிக்கொள்வான். பின்னரே பிறரைத் தொடுவான். அன்றியும், எவரை நகைத்தானோ அவர் முன்னிலையிலேயே விடியுமளவும் நிற்கக் கடமைப்பட்டவன் அவன். ஆதலின் அவன் நகை ஒருவரையும் அவையினின்று வெளியே தள்ளுவதில்லை. வேற்றூர் இளைஞன் கூவிய சொல்லோ எள்ளலிற் பிறந்தது. அஃது அப்பையனை அவையினின்று தள்ள முயன்றது. ஒரே களரியில், ஒரே பிழையின்மேல் எழுந்த இவ்விரு சொற்களின் வேறுபாடே இக்கட்டுரையின் கரு என்க.

3. அன்பு கட்சியாகும் வகை

அவ்விளைஞன் தீயவன் அல்லன் என்பது கருதத்தக்கது. அவன் தன் ஊருக்கு வரும் நடிகனை நேசித்தான்; அந்நேசமே இச்சிறுவன்மேல் வசையாயிற்று. தமிழகத்து இசை இரசிகர் வரலாறு இவ்வகைத் திரிபுக்குப் பல சான்றுகள் தரும்.

எம். கே. தியாகராஜ பாகவதர் 1934-இல் பவளக்கொடி வாயிலாகத் திரைக்கு வந்தார். பி. யு. சின்னப்பா சிறுவர் நாடகக் கம்பெனியிற் பயின்று வந்து, 1940-இல் உத்தமபுத்திரனில் இரட்டை வேடம் புனைந்து புகழ் பெற்றார். இருவரும் மேடையிற் பழுத்த பாடகர். ஆயினும் இரசிகர் இரு கட்சியாய்ப் பிரிந்து, ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்துதலே வழி எனக் கொண்டனர். தமிழ்த் திரையிசை கண்ட முதற்பெருங் கட்சிச் சண்டை இதுவே எனலாம்.

வசையை விரும்பும் செவி பெருகின், அதனை விற்கும் கடையும் தோன்றுதல் இயல்பு. லட்சுமிகாந்தன் என்பவர் சினிமா தூது என்னும் பத்திரிகையிலும், அது நின்றபின் இந்து நேசன் என்னும் பத்திரிகையிலும் நடிகர் நடிகையரின் அந்தரங்கங்களென அவதூறுகளை எழுதி வந்தார். அவற்றைக் காசு கொடுத்து வாங்கியவருட் பலர் அந்நடிகரின் பாட்டைக் கேட்டு உருகியவரும் ஆவர் என்று கருதுதல் பிழையாகாது. 1944 நவம்பரில் லட்சுமிகாந்தன் சென்னையிற் குத்துண்டு மாண்டார். பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் அக்கொலை வழக்கிற் சிறைப்பட்டு, 1945-இல் தண்டனை பெற்றனர். பிரிவி கௌன்சில் வழக்கை மறுவிசாரணைக்குத் திருப்பியனுப்ப, 1947-இல் இருவரும் குற்றமற்றவரென விடுதலை எய்தினர். 1944 தீபாவளிக்கு வெளிவந்த ஹரிதாஸ் சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடிக்கொண்டிருக்க, அதிற் பாடியவர் சிறையில் இருந்தார். விடுதலைக்குப் பின் பாகவதர் பழைய நிலையை அடைந்திலர், 1959-இல் காலமானார். ஓர் உயிர் போயிற்று. ஓர் இசை வாழ்வு குலைந்தது. வசை வெறுஞ் சொல்லே என்பாருக்கு இதனினும் தெளிவான விடை வேண்டுமோ?

அடுத்த தலைமுறையின் கதை நம் விழுப்புரத்தைத் தொடுவது. 1928-இல் இவ்வூரிற் பிறந்தவர் சிவாஜி கணேசன். அவர்க்கும் எம். ஜி. ஆருக்கும் அன்பர் இரு பெருங் கட்சியாய்ப் பிரிந்து நின்றதை நம் பாட்டன்மார் நன்கறிவர். தேநீர்க் கடையிற் கைகலப்பு நேர்ந்ததும், உறவினர் முகம் பாராதிருந்ததும் அக்காலத்து ஊர்க்கதைகள். ஆனால் ஒரு செய்தியை அவர் எண்ணிப் பார்த்திலர். 1954-ஆம் ஆண்டிலே தூக்குத்தூக்கியிற் சிவாஜிக்கும், மலைக்கள்ளனில் எம். ஜி. ஆருக்கும் பின்னணி பாடியவர் ஒருவரே, அவர் டி. எம். சௌந்தரராஜன். பின்னர்ப் பல்லாண்டு அவர் குரலே இருவர்க்கும் குரலாயிற்று. இரு கட்சியாரும் சண்டையிட்டுக்கொண்டே ஒரே தொண்டைக்குக் கை தட்டினர்!

இவ்வாறே 1976-இல் அன்னக்கிளியோடு இளையராஜா தோன்றியபோது எம். எஸ். விஸ்வநாதனின் அன்பர் சிலர் முகஞ் சுளித்தனர். 1992-இல் ரோஜாவோடு ஏ. ஆர். ரகுமான் தோன்றியபோது இளையராஜாவின் அன்பர் சிலர் முகஞ் சுளித்தனர். விஸ்வநாதனும் இளையராஜாவுமோ 1986-இல் மெல்லத் திறந்தது கதவு என்னும் படத்திற்கு ஒருங்கிருந்து இசையமைத்தனர். ரகுமானோ இளமையில் இளையராஜாவின் இசைக்குழுவிற் கீபோர்டு வாசித்தவர். கலைஞர் ஒரே பந்தியில் உண்ண, இரசிகர் இலைக்குச் சண்டையிடுகின்றனர். ஏனெனின், கட்சி கட்டியோர் இசையைக் கேட்பதில்லை. இசையில் தம் பெருமையையே கேட்கின்றனர். தாம் தேர்ந்தவர் தோற்பின் தாமே தோற்றதாக அவர் கருதுகின்றனர்.

4. முகமில்லாக் களரி

இற்றைநாளில் அவைகள் பல தரையினின்று எழுந்து கைப்பேசியிற் புகுந்துவிட்டன. இதனால் வந்த நன்மை பெரிது. பட்டிக்காட்டுப் பிள்ளையும் பெரு வித்துவான்களை விரும்பியபோது கேட்கலாம். நம் கூத்தையும் கடல் கடந்தார் காணலாம். ஆயினும் இங்கே மூன்று குறைகள் உள்ளன. முதலாவது முகமின்மை, வைதவன் யார், வையப்பட்டவர் முகம் எவ்வாறு வாடிற்று என்பது ஒருவர்க்கும் தெரியாது. இரண்டாவது முழுமையின்மை, விடியவிடிய நடந்த கூத்தில் ஒரு நொடி மாத்திரம் வெட்டி எடுக்கப்படும். மூன்றாவது முடிவின்மை, களரியிற் சொன்ன சொல் விடிந்தால் மறக்கப்படும், இங்கே எழுதிய சொல் விடிந்தபின்னும் நடந்துகொண்டே இருக்கும்.

இதனை நூலறிவாற் கூறுகின்றேன் அல்லேன். என் பிழையாலே கற்றேன். முன் ஆண்டு ஒரு மாரியம்மன் திருவிழாவில் இன்னிசைக் கச்சேரி நடந்தது. பதினேழு வயதுப் பெண்ணொருத்தி பழைய திரைப்பாட்டு ஒன்றைப் பாடினாள். உச்சத்திற் குரல் பிசகிற்று. அவள் நில்லாது கீழிறங்கி, மீண்டும் எடுத்து, செவ்வனே முடித்தாள். அவை கை தட்டிற்று. ஆனால் பிசகிய இடத்தை மாத்திரம் எவனோ வெட்டிப் பரப்பினான். மூலப் பாட்டைப் பாடியவரின் அன்பர், ‘எங்கள் பாடகரின் பாட்டைக் கொன்றாள்’ என்று வைதனர். எதிர்க்கட்சியார் அவளைச் சாக்காக வைத்து அப்பாடகரையே இகழ்ந்தனர். பின்னர்ப் பாட்டை விட்டு அவள் நிறத்தையும் உடையையும் பேசினர். அஃது எனக்கும் வந்தது. யான் நகைத்தேன். நகைத்ததோடு நில்லாது, நண்பர் இருவர்க்கு அனுப்பியும் வைத்தேன்.

அப்பெண் யார் என்பதைச் சில வாரங்கள் கழித்தே அறிந்தேன். அன்றிரவு அபிமன்னன் வேடச் சிறுவனுக்குக் குரல் கொடுத்து மீட்ட பின்பாட்டுக்காரர் இருவருள் ஒருவரின் மகள் அவள். நாணத்தோடு அவர் வீட்டிற்குச் சென்றேன். அவர் திண்ணையில் என்னை இருத்தி, மோர் கொடுத்து உபசரித்தார். யான் செய்ததைச் சொன்னேன். அவர் சினந்திலர். சிறிது நேரம் வாளா இருந்து, “களரியிலே பிள்ளை தவறினால் நாங்கள் நாலு பேர் பின்னால் நிற்போம், ஐயா. இதிலே யார் எங்கே நிற்கிறார்கள் என்றே தெரியவில்லை. யாரைப் பார்த்து நான் அடியெடுத்துக் கொடுப்பது?” என்றார். அவள் பாடுவதை நிறுத்திவிட்டாள் என்பதையும் அவரே சொன்னார். வியூகத்துள் நுழைந்த பிள்ளையைச் சூழ நின்றவருள் யானும் ஒருவன் என்பதை அன்று உணர்ந்தேன்.

5. அன்னமும் நெய்யரியும்

நன்னூலார் மாணாக்கரை உவமை வகையாற் பகுத்தது நாம் வகுப்பிற் பயின்றதே. நீரை ஒழித்துப் பாலைக் கொள்ளும் அன்னத்தைத் தலைமாணாக்கர்க்கும், நெய்யை ஒழுகவிட்டு அழுக்கைப் பற்றிக்கொள்ளும் நெய்யரியாகிய பன்னாடையைக் கடைமாணாக்கர்க்கும் அவர் உவமை கூறினார். இப்பகுப்பு இரசிகர்க்கும் ஒக்கும். பாட்டு முழுதும் ஒழுகிப் போக, பிசகிய பத்து நொடியை மாத்திரம் பற்றிக்கொண்டவன் நெய்யரியே அன்றோ?

இதனாற் குறை கூறலே தகாது என்பது எம் கருத்தன்று. குறை கூறாத அவை கலையைத் தேய்க்கும். வாத்தியார் கண்டித்திராவிடின் அச்சிறுவன் குரல் கெட்டே போயிருக்கும். எனவே குறை கூறுதற்குரிய நெறியைக் களரியினின்றே நாம் கற்றல் வேண்டும். முழுதும் கேளாமற் பேசற்க. பாட்டின் குறையைப் பாட்டின் அளவிலே நிறுத்துக. பாடியவரின் பிறப்பும் நிறமும் உடையும் சுருதியில் அடங்கா. ஒருவரைப் புகழ மற்றொருவரைப் படியாக மிதியாதொழிக. எழுதுமுன், அவர் எதிரே தரையில் அமர்ந்திருப்பதாக நினைந்து, அவர் முகம் நோக்கிச் சொல்லத் தகுமாயின் மாத்திரம் எழுதுக. திருத்தும் வழியைச் சொல்ல இயலாதவன், குறையைப் பரப்பாதிருத்தலே நன்று.

மாணவச் செல்வர்காள்! நும்மில் இளையராஜா கட்சியாரும் உளர்; ரகுமான் கட்சியாரும் உளர்; விடுதியில் இரவெல்லாம் நீவிர் வாதிடுதல் என் செவிக்கும் எட்டியதே. வாதம் நன்று, அது செவியைக் கூர்மைப்படுத்தும். ஆனால் வாதம் முடிந்தபின் இருவரும் ஒரே பாட்டை அமர்ந்து கேட்க இயலவேண்டும். இயலாதாயின், அங்கே இசை முன்னரே எழுந்து போய்விட்டது என்று அறிக.

யான் அனுப்பிய நண்பர் இருவர்க்கும், அதனை அனுப்பியது பிழை என்று எழுதினேன். அவர் யார் யார்க்கு அனுப்பினரோ, அறியேன். அப்பெண் இன்னும் மேடை ஏறவில்லை. சென்ற முறை யான் போனபோது உள்ளே யாரோ மெல்லப் பாடும் ஒலி கேட்டது. என் செருப்போசை கேட்டதும் அது நின்றுவிட்டது. அடுத்த முறை தெருமுனையிலேயே நின்று கேட்பேன்.